கேள்விப்படாதோரின் கணக்கு

ஒரு செய்தி மக்களிடையே பரவும் வேகத்தைக் கணக்கிட அடுக்குக்குறிச் சார்பு, அதாவது சம இடைவெளிகளில் ஓர் அளவு ஒரே விகிதத்தில் பெருகுவதையோ தேய்வதையோ காட்டும் சார்பு, பயன்படுகிறது. அறிந்தவர் ஒவ்வொருவரும் புதிதாக ஒருவருக்குச் சொல்ல, அறிந்தோர் தொகை சுற்றுக்குச் சுற்று இரட்டிக்கும் என்று கொண்டால், ஒருவரிடம் தொடங்கிய செய்தி 28 சுற்றுகளில் 26 கோடிப் பேரைத் தாண்டிவிடும். பின்னர் எடுத்துக்காட்டாகக் காணவிருக்கும் அமெரிக்காவின் மக்கள்தொகையோ 1963இல் சுமார் 19 கோடிதான். பிறவாதவர்க்கும் செய்தி சொல்லிவிடும் இக்கணக்கு தொடக்கச் சுற்றுகளுக்கு மட்டுமே பொருந்தும்.

ஆகவே வானொலி, தொலைக்காட்சி வழியே பலரை ஒருசேர எட்டும் செய்திக்கு, அறிந்தோரை விட்டு அறியாதோரை எண்ணுவதே பயன் தரும். எஞ்சியிருப்போரில் ஒரு குறிப்பிட்ட பங்கினர் ஒவ்வோர் இடைவெளியிலும் செய்தியை அறிகின்றனர் என்று கொண்டால், அறியாதோர் தொகை அடுக்குக்குறி முறையில் தேய, அறிந்தோர் வளைவு முதலில் விரைந்தேறி, பின்னர் மொத்த மக்கள்தொகை என்னும் வரம்பை நெருங்கியவாறே தட்டையாகிவிடும்.

1963 நவம்பர் 22 அன்று, டாலஸ் நகரில் பகல் 12.30 மணிக்கு அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி சுடப்பட்டதை, அந்நாட்டில் வயதுவந்தோரில் 68 விழுக்காட்டினர் அரை மணி நேரத்திலும், 92 விழுக்காட்டினர் இரண்டு மணி நேரத்திலும் அறிந்திருந்ததாக, சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசியக் கருத்தாய்வு மையம் கண்டறிந்தது. முதல் அரை மணியில் எஞ்சிய 32 விழுக்காடு அதே விகிதத்தில் தேய்ந்திருந்தால், 10, 3 என இறங்கி, இரண்டாம் மணி முடிவில் 1 விழுக்காடாகியிருக்க வேண்டும். எஞ்சியவர்களோ 8 விழுக்காட்டினர்.

இந்த வேறுபாடு மாதிரியின் எடுகோளைச் சோதிக்கிறது. மாறாத விகிதம் என்பது எல்லோரும் ஒரே அளவு எளிதில் எட்டத்தக்கவர் என்று கொள்வதாகும். ஆனால் வானொலிக்கோ தொலைபேசிக்கோ பேசும் கூட்டத்துக்கோ அருகில் இருப்போர் முதலில் அறிந்துவிட, எட்டுவதற்கு அரியவர்களே பெரிதும் எஞ்சுவதால், நேரம் செல்லச் செல்ல விகிதமும் இறங்குகிறது.

வாய்மொழியாகப் பரவும் வதந்திக்குக் கணிதவியலாளர்கள் டேலி, கெண்டல் இருவரும் 1964இல் வகுத்த மாதிரி மேலும் ஒன்றை உணர்த்துகிறது. ஏற்கெனவே அறிந்தவரிடமே சொல்ல நேர்ந்தவர் ஆர்வம் குன்றிச் சொல்வதை நிறுத்திவிடுவார் என்று கொள்ளும் அம்மாதிரியில், பெருந்திரளான மக்களிடையே ஏறத்தாழ 20 விழுக்காட்டினர் இறுதிவரை வதந்தியைக் கேட்பதே இல்லை. வெள்ள எச்சரிக்கை விடுப்போர் இவ்விரு கணக்குகளிலிருந்தும் கொள்ளத்தக்க பாடம், கடைசிப் பங்கினரை எட்ட அதே அறிவிப்பை மீண்டும் ஒலிபரப்புவது போதாது, அவர்கள் இருக்குமிடத்துக்கே ஆளனுப்ப வேண்டும் என்பதாகும்.