பறக்கிற பூச்சிதானே, போயிடும்!

புனே வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஆபீசுக்குப் பின்னால் ஒரு ஓடை உண்டு. போன மாசம் அதைக் குழாய்க்குள் அடைத்து மேலே பார்க்கிங் போட ஆரம்பித்துவிட்டார்கள். டீ குடிக்கும்போது, "அங்க இருக்கிற தட்டானெல்லாம் என்ன ஆகும்?" என்று சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

"பறக்கிற பூச்சிதானே மாப்ளே, வேற ஓடைக்குப் போயிடும்" என்றான் நம்மூர் நண்பன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதிவு.

இறக்கை இருந்தால் போய்விடுமா? மழைக்காலம் முடியும்போது மைதானம் முழுக்கப் பறக்குமே பன்டாலா ஃபிளாவெசென்ஸ், அது போகும். கடலையே தாண்டும். ஆசியாவிலும் இரண்டு அமெரிக்காக்களிலும் பிடித்தவற்றின் மரபணுவை ஒப்பிட்டு 2016-ல் ஒரு ஆய்வு வந்தது. கண்டத்துக்குக் கண்டம் பெரிய வித்தியாசமே இல்லை.

அதை வைத்து எல்லாத் தட்டானையும் எடை போட்டால் எப்படி? இங்கிலாந்தின் தெற்கே கோயனாக்ரியான் மெர்குரியாலே என்று ஒரு நீல ஊசித்தட்டான் இருக்கிறது. அங்கே அருகிவரும் இனம். எண் எழுதி விட்டுப் பார்த்தால், பெரும்பாலானவை நூறு மீட்டர்கூடத் தாண்டவில்லை. லிவர்பூல் ஆய்வாளர்கள் மரபணுவையும் பார்த்தார்கள். ஒரு காலை மட்டும் எடுத்துக்கொண்டு பூச்சியைப் பறக்கவிட்டால் போதும். டிஎன்ஏ-வில் சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்களுக்கு மைக்ரோசாட்டிலைட் என்று பெயர். எத்தனை தடவை வருகிறது என்பது அப்பா அம்மா வழியாக வரும் அடையாளம். 2004-ல் வெளியான முடிவு: சில கிலோமீட்டர் தள்ளிப் போனாலே உறவு விட்டுப்போகிறது. நடுவில் ஓடை இல்லாவிட்டால் இன்னும் மோசம்.

தலையை எண்ணினால் இது தெரியாது. ஐநூறு பறந்தாலும், வெளியிலிருந்து ஒன்றுகூட வராத கூட்டமாக இருக்கலாம். அந்த ஓடையை மூடினால் அவ்வளவுதான், அந்தக் கூட்டமே காலி.

அந்த நீலத் தட்டான் புனேயில் இல்லை, தெரியும். ஆனால் எங்கள் ஓடையில் இருப்பது போகிற ரகமா, தங்குகிற ரகமா என்று யாராவது ஒரு காலாவது எடுத்துப் பார்த்தார்களா? பிழைப்புக்கு ஊரை விட்டு வந்த நமக்கு, எல்லா உயிரும் எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு நினைப்பு.

பார்க்காமலே 'போயிடும்' என்று சொல்லாதீர்கள். 'தொலையட்டும்' என்று சொல்லுங்கள். நேர்மையாவது மிஞ்சும்.