ஒப்பிப்பது பேச்சாகுமா?

எல்.கே.ஜி. பிள்ளையிடம் "வாட் இஸ் யுவர் நேம்?" என்று கேட்டால் முழு வாக்கியத்தில் பதில் வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைக் காட்டி "ஹூ இஸ் ஷி?" என்று கேட்டால் பல பிள்ளைகள் திரும்பவும் தங்கள் பெயரையே சொல்வார்கள். கேட்ட சத்தத்துக்கு ஒரு பதில் சத்தம் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். 2019இல் தமிழக அரசு 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. 2022இல் அவற்றை நிறுத்த முயன்றபோது எழுந்த எதிர்ப்பில் பெற்றோரின் ஆசை தெரிந்தது: கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் ஆங்கிலம் வர வேண்டும். அந்த ஆசை நியாயமானது. அதற்காகத் தனியார் நர்சரியின் ஒப்பிப்பையே அரசு வகுப்பும் நகலெடுத்தால் பிள்ளைக்குப் பேச்சு வராது.

எந்த மொழியும் முதலில் காதில்தான் ஏறுகிறது. தாய்மொழியிலேயே குழந்தை பல மாதங்கள் கேட்டுப் புரிந்துகொண்ட பிறகுதான் வாய் திறக்கிறது. ஆகவே, "கிவ் மீ தி ரெட் பால்" என்று மிஸ் சொல்ல, பிள்ளை சிவப்புப் பந்தை எடுத்துக் கொடுத்தால் அன்றைய பாடம் முடிந்தது; அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். மதியச் சாப்பாட்டில் கரண்டியுடன் வந்து "மோர் ரைஸ்?" என்று தினமும் கேட்டால், சில வாரங்களில் ஒரு பிள்ளை "நோ, இனஃப்" என்று தட்டை நகர்த்தும். தனக்கு வேண்டியதைச் சொல்லப் பிள்ளை தானே எடுத்துக்கொண்ட சொல் அது. இதற்குத் தினம் அரைமணி நேரம் போதும். மீதி நேரம் தமிழில் கதையும் பேச்சுமாகப் போகட்டும். நேற்று நடந்ததைத் தமிழில் கோவையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் ஆங்கிலத்திலும் சொல்ல ஏதாவது இருக்கும்.

இந்த வயதை விட்டால் ஆங்கிலம் வராது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நெதர்லாந்தில் குடியேறிய ஆங்கிலம் பேசும் குடும்பங்களை ஸ்னோ, ஹோஃப்னாகல்-ஹோலெ என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1978இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. டச்சு மொழியை வேகமாகப் பிடித்தவர்கள் பதின்பருவத்தினர். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் பின்தங்கினார்கள். பார்சிலோனா பள்ளிகளில் எட்டு வயதிலும் பதினொரு வயதிலும் ஆங்கிலம் தொடங்கியவர்களை ஒப்பிட்ட ஆய்விலும், அதே அளவு வகுப்பு நேரத்தில் பிந்தித் தொடங்கியவர்களே முந்தினார்கள். ஒரு மொழியின் நடுவிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்தால் சிறுவயதில் தொடங்கியவர்கள் கடைசியில் மேலே போவது உண்மைதான். வகுப்புக்கு வெளியே ஆங்கிலமே காதில் விழாத பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. ஆகவே நான்கு வயதில் கிடைக்கக்கூடிய பெரிய லாபம் கூச்சமின்மை. வீட்டில் ஆங்கிலம் இல்லை, பள்ளியிலாவது தமிழே கூடாது என்ற கட்டுப்பாடு அதைத்தான் முதலில் அழிக்கிறது. "மே ஐ கோ டு தி டாய்லெட்" என்று சொல்ல வராததால் உடையை நனைத்துக்கொள்ளும் குழந்தைக்கு அந்த மொழி அவமானமாகவே பதியும்.

ஆசிரியர்களுக்கே சரளம் இல்லையே என்பதுதான் கனமான ஆட்சேபம். ஆனால் இப்படிக் கற்பிக்க இலக்கணப் புலமை வேண்டாம். சில நூறு எளிய வாக்கியங்களைத் தயங்காமல் சொல்லும் பழக்கம் போதும். உச்சரிப்புக்கு ஒலிப்பதிவுகள் துணை நிற்கும். அந்தப் பழக்கத்துக்குத் தொடர்ந்த பயிற்சி வேண்டும், பயிற்சி பெற்றவர் அந்த வேலையில் நிலைக்கவும் வேண்டும். 2022இல் மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் சிறப்பாசிரியர்களை எடுத்த அரசு, முதலில் மாற்ற வேண்டியது அந்த ஊதியத்தை. பள்ளிகளும் ஆண்டு விழா மேடையில் ரைம்ஸ் சொல்லவைத்துக் காட்டுவதற்குப் பதிலாக, பெற்றோரைச் சாப்பாட்டு நேரத்தில் வகுப்புக்கு அழைக்கலாம்.