பெடலுக்குப் பளபளப்புச் சட்டை தேவையா?

பெருநாள் நெருங்கும்போது வீட்டிற்கு வெள்ளையடிப்பது போன்று, காருக்கும் ஏதேனும் ஓர் அலங்காரம் செய்து பார்ப்பது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. இருக்கைக்குப் புதிய உறை, ஸ்டீயரிங்கிற்குத் தோலுறை, முன்கண்ணாடியருகே தொங்கும் அத்தர்ப் புட்டி என்ற வரிசையில், ஓட்டுநரின் காலடியில் இருக்கும் பெடல்களும் சேர்ந்துகொண்டு சில காலம் ஆகிறது. அலுமினியத் தகடு, அதன்மேல் சிறு சிறு ரப்பர்க் குமிழ்கள், பெட்டியின்மேல் பந்தயக் கார் ஒன்றின் படம்! சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் அலங்காரக் கடைகளின் முன்னால் நடந்து சென்றால், இத்தகைய பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

இது குறித்துக் கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருக்கிறார். துபாயில் பணிபுரியும் அவருடைய தம்பி, விடுமுறையில் ஊர் வந்தபோது அக்காவின் ஸ்விஃப்ட் காருக்கென்று பெடல் உறைகளை ஆசையோடு வாங்கி வந்தாராம். பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டே துண்டுகள். கிளட்சுக்கு உரியதைக் கடைக்காரர் வைக்க மறந்துவிட்டாரா, இருக்கிற இரண்டையாவது மாட்டிக்கொள்ளலாமா என்பது சகோதரியின் வினா.

கடைக்காரர் மறக்கவில்லை. வளைகுடா நாடுகளில் ஓடும் கார்களில் மிகப் பெரும்பாலானவை தாமாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் கிளட்ச் பெடல் கிடையாது. பிரேக், ஆக்ஸிலேட்டர் ஆகிய இரண்டு மட்டுமே. கிளட்ச் இல்லாததால் கிடைக்கும் இடத்தைப் பயன்படுத்தி, அங்கே பிரேக் பெடலை அகலமாகவே அமைத்துவிடுகின்றனர். நம் ஊரில் கியர் மாற்றி ஓட்டும் சிறிய காரிலோ அதே குறுகிய பள்ளத்திற்குள் மூன்று பெடல்கள் நெருங்கி நிற்கின்றன. பிரேக் பெடலும் ஒடுக்கமானது. காரின் பெயர் ஒன்றாக இருப்பதால் உறுப்புகளும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணலாகாது. அந்த அகன்ற தகட்டை இந்த ஒடுங்கிய பெடலின்மேல் பொருத்தினால் இரு பக்கமும் அது வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஆக்ஸிலேட்டரின் மேலிருக்கும் பாதத்தின் ஓரம் அத்தகட்டில் இடிக்கும். அவசரத்தில் பிரேக்கை மிதிக்கையில் ஷூவின் விளிம்பு ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து அழுத்திவிடவும் கூடும். ஆகவே சகோதரி அவர்கள் அப்பெட்டியைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது நலம். துபாயில் அவருக்குக் கார் இருந்தால் அதற்கு ஒருவேளை பொருந்தலாம்.

இந்த அலுமினிய மோகம் எங்கிருந்து வந்தது? பந்தயத் திடலிலிருந்துதான். முன்பு சோழவரத்திலும், பின்னர் இருங்காட்டுக்கோட்டையிலும் கார்ப் பந்தயம் பார்த்தவர்கள், வளைவுகளில் ஓட்டுநர்கள் ஒரே பாதத்தால் இரண்டு வேலை செய்வதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். பாதத்தின் முன்பகுதி பிரேக்கை அழுத்தியிருக்க, அதே பாதத்தின் ஓரமோ குதிகாலோ ஆக்ஸிலேட்டரைத் தட்டி இயந்திர வேகத்தைக் கூட்டும். அதற்கு இரு பெடல்களும் நெருங்கியும் ஏறத்தாழ ஒரே மட்டத்திலும் இருத்தல் வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் காரில் இந்த வித்தைக்கு என்ன வேலை? சாதாரணக் கார்களில் பிரேக் பெடல் ஆக்ஸிலேட்டரைவிடச் சற்று உயரத்தில் அமைக்கப்பட்டிருப்பது தற்செயலானதன்று. பாதத்தைத் தூக்கி வைத்தால்தான் பிரேக்; அந்த உயர வேறுபாட்டைக் கால் தானாகவே அறிந்து வைத்திருக்கிறது. ஆக்ஸிலேட்டருக்கு மட்டும் அரை சென்டிமீட்டர் தடிமனுள்ள தகடு ஏறிவிட்டால், அந்தப் பழகிய கணக்குக் குழம்பிப்போகும்.

ஆக்ஸிலேட்டரைப் பற்றி இன்னும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் டியாகோ நகருக்கு அருகே, லெக்ஸஸ் இஎஸ் 350 வகைக் கார் ஒன்று கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடி விபத்துக்குள்ளானது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் உயிரிழந்தனர். காரை ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல்துறையில் பணியாற்றிய அனுபவசாலி. தம் சொந்தக் கார் பழுதுபார்க்கப்படும் வரை விற்பனையகம் தற்காலிகமாகக் கொடுத்திருந்த கார் அது. வேறொரு வகை வண்டிக்கு உரிய தடித்த ரப்பர் விரிப்பு அதன் தரையில் போடப்பட்டிருந்தது. அழுத்தப்பட்ட ஆக்ஸிலேட்டர் பெடலின் கீழ்முனை அவ்விரிப்பில் சிக்கிக்கொண்டு மேலெழ மறுத்ததே கேட்டிற்குக் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில், ஏறத்தாழ 38 இலட்சம் கார்களின் உரிமையாளர்களிடம் ஓட்டுநர் பக்க விரிப்பை அகற்றிவிடும்படி டொயோட்டா நிறுவனம் கேட்டுக்கொண்டது.

அதன்பின் அந்நிறுவனம் செய்த பரிகாரத்தைத்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பல வகைக் கார்களில் ஆக்ஸிலேட்டர் பெடலின் கீழ்முனையை அறுத்துக் குட்டையாக்கினார்கள். பெடலுக்கும் தரைக்கும் இடைவெளி கூட வேண்டும் என்பதே நோக்கம். பணம் கொடுத்து நாம் மாட்டுகிற அலங்காரத் தகடோ பெடலை நீட்டுகிறது, தடிப்பாக்குகிறது, இருக்கும் இடைவெளியையும் குறைக்கிறது! உற்பத்தியாளர் அறுத்து எறிந்ததை நாம் ஒட்டவைக்கிறோம்.

கடைகளில் கிடைப்பவை எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. முதல் வகை, குறிப்பிட்ட காருக்கென அளவெடுத்துச் செய்யப்பட்டது. பழைய ரப்பரைக் கழற்றிவிட்டு அது இருந்த இடத்திலேயே நுழைத்துக்கொள்ளும்படி, பின்புறம் ரப்பர் மடிப்போடு இருக்கும். கார் நிறுவனங்கள் தாமே விற்கும் உறைகள் சில இவ்வகையின. இதில் குற்றம் சொல்ல அதிகமில்லை. இரண்டாம் வகை, எந்தக் காருக்கும் பொருந்தும் என்று கூறி விற்கப்படுவது. எல்லோருக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் சட்டை எவருக்கும் சரியாகப் பொருந்தியதில்லை, இதுவும் அப்படித்தான். பழைய ரப்பரின் மேலேயே தகட்டை வைத்து, பின்னால் கொக்கிகளை வளைத்துத் திருகாணியால் முடுக்குவார்கள். ரப்பர் நெகிழும் பொருள். நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை மிதிபடுகையில் அது அமுங்க, திருகாணி தளர, தகடு மெல்ல மெல்ல நகரத் தொடங்கும். கழன்று விழுந்த தகடு பிரேக் பெடலின் அடியில் போய்ச் சிக்கினால் என்னவாகும் என்பதை நாம் விவரிக்கத் தேவையில்லை. மூன்றாம் வகை, பெடலிலேயே துளையிட்டுப் பொருத்துவது. இது கூடவே கூடாது. இக்காலச் சிறு கார்கள் பலவற்றில் ஆக்ஸிலேட்டர் பெடல் பிளாஸ்டிக்கால் வார்க்கப்பட்டு, அழுத்தத்தின் அளவை மின்குறியாக இயந்திரத்திற்கு அனுப்பும் கருவியோடு ஒன்றாக இணைந்தது. துளையிட்ட இடத்தில் விரிசல் கண்டால் முழு அமைப்பையுமே மாற்ற வேண்டி வரும்.

இடது பாதத்தை ஓய்வாக வைத்துக்கொள்ள ஒரு மேடை சில கார்களில் உண்டு. அது அசையாத பொருள். ஆசை அடங்காத இளைஞர்கள் அதற்கு வேண்டுமானால் தகடு போட்டுக்கொள்ளட்டும்.

பெடலில் கை வைக்கவே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. உண்மையில் பலரும் அசட்டையாக விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. கிளட்ச், பிரேக் பெடல்களின் மேலுள்ள ரப்பர் உறை நாளடைவில் தேய்ந்து, வரிகள் அழிந்து, ஓரத்தில் இரும்பு எட்டிப் பார்க்கத் தொடங்கும். பழைய கார் வாங்கும்போது கிலோமீட்டர்க் கணக்கை மட்டும் நம்பாமல் இந்த ரப்பரையும் குனிந்து பார்க்கும் வழக்கம் விவரமறிந்தவர்களிடம் உண்டு. முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லப்படும் காரில் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் ஏதோ பொய் இருக்கிறது. அதே சமயம், வழவழத்துப்போன ரப்பரின்மேல் மழைக்கால ஈரச் செருப்பு வழுக்கும்; ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதன் தீங்கு தெரியும். அதற்கு மருந்து அலுமினியம் அன்று. ஈரம் பட்ட வெறும் அலுமினியம் ரப்பரைவிட அதிகமாக வழுக்கும். குமிழ்கள் தேய்ந்தோ உதிர்ந்தோ போய்விட்டால் பிடிமானத்திற்கு எதுவுமே இராது. அந்தந்தக் காருக்கு உரிய புதிய ரப்பர் உறை நிறுவனத்தின் உதிரிபாகக் கடையிலேயே கிடைக்கும். இரண்டு ரப்பர்களையும் வாங்கினாலும் ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலைக்குள் அடங்கிவிடுவது வழக்கம்.

அதை மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. சமதரையில் காரை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, இயந்திரத்தை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். இருக்கையை முடிந்த மட்டும் பின்னுக்குத் தள்ளி, தரைவிரிப்பை வெளியே எடுத்துவிட்டால் குனிந்து வேலை செய்ய இடம் கிடைக்கும். பழைய ரப்பரின் மூலை ஒன்றை விரலால் நெம்பினால் உரிந்து வந்துவிடும். உள்ளே இரும்பில் படிந்திருக்கும் மண்ணையும் துருவையும் துடைத்தெடுங்கள். புதிய ரப்பரைச் சற்று நேரம் வெந்நீரில் போட்டு வைத்தால் இளகிக் கொடுக்கும். அதன் ஒரு பக்க மடிப்பை முதலில் மாட்டிக்கொண்டு, மறுபக்கத்தை இழுத்து நுழைக்க வேண்டும். நுழையவில்லை என்று எண்ணெயோ கிரீஸோ தடவிவிடாதீர்கள். பிறகு அது பெடலில் நிலையாக நிற்காது. சிறிது சோப்பு நீர் போதும், அதுவும் நன்றாக உலர்ந்த பின்னரே காரை எடுக்க வேண்டும். நான்கு பக்கமும் மடிப்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் மடங்கி நின்றாலும் சில நாளில் கழன்று வந்துவிடும்.

நிறுவன உறையை மாட்டுவோரும் இதே முறையைப் பின்பற்றலாம். அதன்பின் ஒரு சோதனை மிக அவசியம். விரிப்பை மீண்டும் போட்டு, அதன் கொக்கியில் மாட்டிவிட்டு, இயந்திரம் அணைந்த நிலையில் ஆக்ஸிலேட்டரைக் கடைசி வரை அழுத்திச் சட்டென்று விடுங்கள்; எங்கும் உரசாமல் உடனே மேலே வர வேண்டும். கிளட்சும் தரை வரை தடையின்றிச் செல்ல வேண்டும். வழக்கமாக அணியும் காலணியோடு அமர்ந்து பிரேக்கை மிதித்து, பக்கத்துப் பெடலில் பாதம் படுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பழைய விரிப்பின்மேல் புதிய விரிப்பை அடுக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

எப்போதாவது ஆக்ஸிலேட்டர் சிக்கிக்கொண்டால் குனிந்து கையால் எடுக்க முயலாதீர்கள். பிரேக்கை ஒரே பிடியாக, பலமாக அழுத்திக்கொண்டே இருங்கள். விட்டு விட்டு மிதித்தால் அதன் வலிமை குறைந்துபோகும். கிளட்சை மிதித்துக் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஓரமாக நின்ற பின்னரே சாவியைத் திருப்புங்கள். ஓடும்போது சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உள்ளோர்க்கு ஒரு தனிக் குறிப்பு. உப்புக் காற்றில் அலுமினியத் தகடும் எஃகுத் திருகாணியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் தொட்ட இடத்தில் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாக உதிரும். மேலே பளபளக்கும், அடியில் பிடி விட்டிருக்கும். ஏற்கெனவே தகடு மாட்டியிருப்பவர்கள் மாதம் ஒருமுறை கையால் ஆட்டிப் பார்ப்பது நல்லது. திருகாணியின் முனையோ கொக்கியின் விளிம்போ வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், புர்காவின் கரையும் சேலையின் கொசுவமும் அதில் மாட்டிக்கொள்ளும். கைலி உடுத்தி ஓட்டும் ஆண்களுக்கும் இது பொருந்தும். கழற்றிய பழைய ரப்பர் நல்ல நிலையில் இருந்தால் குப்பையில் போடாமல் காரிலேயே ஒரு பையில் வைத்திருங்கள். தகடு ஆடத் தொடங்கிய அன்றே அதைக் கழற்றிவிட்டு ரப்பரை மாட்டிக்கொள்ளலாம்.