முத்துசாமியின் அன்றாடம்

நாடக இயக்குநர் ஒருவரின் பெருமையை அவர் மேடையேற்றிய நாடகங்களின் ஜாபிதாவைக் கொண்டு அளப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால் நிரந்தரமான ஒரு குழுவைக் கட்டிக் காப்பவருக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. ஒரு நாடகம் முடிந்து மற்றொன்று தொடங்கும்வரை நடிகர்கள் எதை உண்டு, எதைப் பயின்று, எந்த நம்பிக்கையில் கலையாமல் இருக்கிறார்கள் என்பதிலேதான் அவருடைய உண்மையான சாதனை அடங்கியிருக்கிறது.

தஞ்சைச் சீமையின் புஞ்சை கிராமத்தில் 1936-இல் பிறந்து, ‘எழுத்து’, ‘நடை’ ஆகிய பத்திரிகைகளில் எழுதிப் பழகிய ந. முத்துசாமி அத்தகைய ஒருவர்; அவர், தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தில் மனம் பறிகொடுத்து, 1977-இல் நண்பர்களோடு சென்னையில் கூத்துப்பட்டறை என்னும் நாடகக் குழுவைத் தோற்றுவித்தார். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால், கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடம் மட்டும் விளக்கொளியில் மின்ன, முகவீணை ஓங்கி ஒலிக்க, நடிகன் மெல்ல மெல்லத் தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும் அந்தப் பிரவேசத்தில், நவீன நடிகனுக்கு வேண்டிய உடலும் குரலும் இருப்பதை அவர் கண்டுகொண்டார். கூத்தின் அடவுகளும் சிலம்பமும் தேவராட்டமும் களரியும் அவருடைய பட்டறையில் அன்றாட அப்பியாசமாயின. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவி கிடைத்த காலத்தில் நடிகர்களுக்கு மாதச் சம்பளமும் கிடைத்தது. நாடகமே பிழைப்பு என்று ஒரு தமிழ் நடிகன் சொல்ல முடிந்த அபூர்வமான காலம் அது. பின்னாளில் அங்கே பயின்ற நடிகர் பசுபதி முதலானோர் திரையுலகம் சென்றதைச் சிலர் நஷ்டம் என்பர். ஆசிரியன் ஒருவனின் கல்வி அத்தனை தூரம் பரவியதை நஷ்டம் என்று கொள்ள நமக்கு மனம் வரவில்லை. 1999-இல் சங்கீத நாடக அகாதமி விருதும் 2012-இல் பத்மஸ்ரீயும் அவரைத் தேடி வந்தன. 2018 அக்டோபர் 24-ஆம் நாள் அவர் காலமானார்.

அவருக்குப் பின் நாம் செய்யவேண்டியது என்ன? குழுவைக் கலையாமல் காக்கும் பாடத்தை நாடகத்துக்கு வெளியேயும் தேடலாம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் பழவேற்காட்டு ஏரி இருக்கிறது. அதன் கரையிலுள்ள கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள், வலை கட்டும் நீரிடங்களைப் ‘பாடு’ என்னும் முறைப்படி தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கிறார். முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன்வரத்து குன்றும் காலத்திலும், எவருடைய முறை என்பதை ஊரே தீர்மானிக்கிறது. வேஷங்களையும் வருமானத்தையும் பங்கிடத் தெரியாமல் எத்தனையோ குழுக்கள் உடைந்ததைப் பார்த்துவிட்ட நமக்கு இவ்வூர்கள் பாடசாலையாகவே விளங்கக்கூடும். திரௌபதியம்மன் விழாவில் விடிய விடியப் பாரதக் கூத்து பார்க்கும் மரபு உள்ள வட்டாரம் இது. இங்கே ரசிகர்களைப் புதிதாக உண்டாக்க வேண்டிய அவசியமில்லை.

ஆகவே, வரும் ஆண்டுக்குத் திட்டம் வகுக்கும் நாடகக் குழுத் தலைவர்கள், ஒரு மாலை ஆடிவிட்டு இரவோடிரவாகத் திரும்பாமல், ஒரு வாரமேனும் அங்கே தங்கிப் பயிற்சியும் ஆட்டமும் நடத்தவேண்டும். அதற்கான நாளைத் தாமே குறித்துவிடாமல், மீன்பாட்டையும் நீரோட்டத்தையும் அறிந்த ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் சென்று கேட்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.