கூத்துக்கு விடியும்வரை இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாட்டார் இசை விழாக்கள் பற்றிய தங்கள் கட்டுரையோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் கூத்துக்கு மேடை கிடைத்தால் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். அண்மையில் எங்கள் பகுதியில் நடந்த ஒரு விழாவின் தொடக்க மாலையில் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடியவே இரவாகிவிட்டது. விடிய விடிய ஆட வேண்டிய கோவலன் கூத்தைக் கால் மணித்தியாலத்தில் முடிக்கச் சொன்னார்கள். கண்ணகி காற்சிலம்போடு வரும் முன்பே மத்தளம் ஓய்ந்தது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் மண்ணில் இதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வலித்தது. கூத்துப் பழக்கிய வயதான அண்ணாவிமார் ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார்கள்.

அடுத்த முறை மத்தளத்தோடே விழாவைத் தொடங்குங்கள். உரைகளை மறுநாள் காலைக்கு மாற்றுங்கள். எங்கள் பகுதியின் முல்லைமோடிக் கூத்தையும் அரிவிவெட்டுப் பாடல்களையும் முழுமையாக ஒலிப்பதிவு செய்து பாடசாலைகளுக்குக் கொடுங்கள்.

வாசகர் ஒருவர்,
தண்ணீரூற்று, முல்லைத்தீவு.