யாருக்குக் காட்ட?

"இந்த வயசுல உடம்பக் குறைச்சு யாருக்குக் காட்டப் போறே?" நாற்பதைக் கடந்த ஒரு பெண் உடற்பயிற்சி செய்யத் தொடங்கினால் எங்கள் ஊரில் எழும் முதல் கேள்வி இதுதான். கேட்பவர்கள் பகையாளிகள் அல்ல. பெரியம்மா கேட்கிறார், பக்கத்து வீட்டு அக்கா கேட்கிறார், கல்லூரியில் உடன் வேலை பார்க்கும் பேராசிரியர் சிரித்துக்கொண்டே கேட்கிறார். அன்பாகக் கேட்கப்படுவதாலேயே இந்தக் கேள்வி இத்தனை காலம் பதில் கேட்கப்படாமல் தப்பித்து வந்திருக்கிறது. அதை இங்கே நிறுத்தி விசாரிக்க வேண்டியிருக்கிறது.

என் விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளில் 12 கிலோ குறைத்திருக்கிறேன். விடிவதற்கு முன் ஒரு மணி நேரம் நடை. வாரத்தில் மூன்று நாள் வீட்டுக் கூடத்தில் டம்பெல், ஸ்குவாட், தண்டால். சோற்றைப் பாதியாக்கி, பருப்பையும் முட்டையையும் மீனையும் கூட்டினேன். தோளும் தொடையும் இறுகியிருக்கின்றன. 25 கிலோ அரிசி மூட்டையை யாரையும் கூப்பிடாமல் தூக்கி வைக்கிறேன். இது எனக்குப் பிடித்திருக்கிறது. கண்ணாடியில் பார்க்கவும் பிடித்திருக்கிறது. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

இதற்குக் கிடைத்த பதில்கள் இவை: "என்னம்மா, முகமே செத்துப்போச்சு." "சுகரா? மறைக்காம சொல்லு." "வீட்ல ஏதும் பிரச்சினையா?" "கன்னம் ஒட்டிப்போனா வீட்டுக்கு ஆகாதுடி." "உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையா?" இவற்றில் ஒன்றுகூட என்னைப் பற்றியது இல்லை. வீட்டின் பெயர், கணவனின் விருப்பம், குடும்பத்தின் செழிப்பு என்று யாரோ ஒருவரின் சார்பாக என் உடம்புக்குக் கணக்குக் கேட்கிறார்கள். முட்டி வலி குறைந்ததா, இரவில் தூக்கம் வருகிறதா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் இருப்பது திருக்கடையூரில். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் காலனை உதைத்த தலம் என்பதால் ஆயுள் வேண்டி நாடெங்குமிருந்து தம்பதிகள் மாலையும் கழுத்துமாக வந்து இறங்கும் ஊர். 60 நிறைந்தால் சஷ்டியப்தபூர்த்தி, 70இல் பீமரத சாந்தி, 80இல் சதாபிஷேகம். எண்ணப்படுவது கணவனின் வயது. மனைவிக்கு எத்தனை வயது என்பதைக் கோயிலில் அடுக்கி வைத்த எந்தக் கலசமும் எண்ணுவதில்லை. அவள் மீண்டும் ஒருமுறை தாலி வாங்கிக்கொள்ள வந்து உட்காருகிறாள். சம்மணமிட முடியாமல் நாற்காலி கேட்கும் மணமகள்களை இங்கே எந்த முகூர்த்த நாளிலும் பார்க்கலாம். அவர்களைப் பார்த்து "மகாலட்சுமி மாதிரி இருக்கீங்க" என்று எல்லோரும் மனம் நிறைந்து வாழ்த்துகிறார்கள். அவர்கள் பருமனாக இருப்பதை நான் குறை சொல்லவில்லை. மடங்க மறுக்கும் முட்டியைத்தான் சொல்கிறேன். அந்த முட்டிக்கு எந்த சாந்தியும் கிடையாது.

காவிரிப் படுகை நெல்லின் தேசம். இங்கே பெண்ணின் சதை என்பது எப்போதும் சொத்துக் கணக்கின் ஒரு பகுதி. நடவுக்கும் களைக்கும் நாளெல்லாம் குனிந்தவளின் உடம்பில் சதை தங்கவில்லை. பண்ணை வீட்டு அம்மாளிடம் தங்கியது. உயர்சாதிக் குடும்பங்களில் கைம்பெண்ணின் சோற்றைக் குறைத்தார்கள். ஆக, இளைத்தவள் என்றால் ஒன்று கூலிக்காரி, இல்லையென்றால் தாலியறுத்தவள், அதுவும் இல்லையென்றால் புகுந்த வீட்டில் வாழாதவள். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதன் பின்னால் இருந்தது கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் போராட்டம். யார் எவ்வளவு உண்ணலாம் என்பதை ஆண்டைகள் தீர்மானித்த மண் இது. இந்த மண்ணில் நின்றுகொண்டு "பூசினாப்ல இருந்தாத்தான் அழகு" என்று சொல்வது வெறும் ரசனையாக இருக்க முடியாது. "கூலிக்காரி மாதிரி ஆயிட்டியே" என்று சொல்ல வாய் கூசுவதால் "முகம் செத்துப்போச்சு" என்கிறார்கள்.

இன்று நிலைமை வேறு. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசம். அது பசியை விரட்டியது, அதை எவரும் குறை சொல்ல முடியாது. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்து பெண்களின் வேலை நாட்களைத் தின்றுவிட்டன. தட்டில் சோறு மட்டும் குவிந்தது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் உயரத்துக்கு மீறிய எடை உள்ளவர்கள் 2015–16இல் 30.9 விழுக்காடு, 2019–21இல் 40.4 விழுக்காடு. அதே 2019–21 கணக்கெடுப்பில் ரத்தசோகை உள்ள பெண்கள் 53.4 விழுக்காடு. இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். நம் உடம்பில் எடை ஏறியிருக்கிறது, சத்து ஏறவில்லை. மீன் துண்டும் முட்டையும் ஆண்களின் தட்டுக்குப் போகின்றன. எல்லோரும் எழுந்த பிறகு சட்டியில் மிஞ்சிய சோறு, வீணாகக் கூடாதென்று அவளுடைய தட்டில் விழுகிறது. பெண்ணின் வயிற்றை மிச்சம் கொட்டும் பாத்திரமாக வைத்துவிட்டு, அதைச் செழிப்பு என்று பெயரிட்டு அழைக்கிறோம்.

"நம் இலக்கியமே மெல்லிடையைத்தானே போற்றுகிறது, அப்புறம் என்ன?" என்று என்னோடு தமிழ் படித்தவர்கள் கேட்பார்கள். பாதாதிகேசத்தை நானும் இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். துடியிடை, கொடியிடை, மின்னலிடை. எங்கள் ஊர் அம்பிகையைப் பாடிய அபிராமி அந்தாதியும் இந்த மரபுக்கு விலக்கல்ல. ஆனால் அந்த இடை எதற்காக மெலிந்திருக்கிறது? மார்பின் பாரம் தாங்காமல் நோவதற்காக. ஒடிந்துவிடுமோ என்று பார்ப்பவன் பதறுவதற்காக. நம் புலவர்கள் கண்ட மெலிவின் அழகு பலவீனத்தின் அழகு. நான் கேட்பது தாங்குகிற இடை, பாரம் தூக்குகிற முதுகு. அதற்கு நம் உவமைக் கிடங்கில் ஒரு சொல்லும் இல்லை. கவிதை எழுதுகிற பெண்கள்தான் அதை உண்டாக்க வேண்டும்.

பெண்ணுடம்பு யாருக்காக என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்ன ஒருத்தி உண்டு. எங்கள் ஊரிலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில்தான் அவளுடைய காரைக்கால். சேக்கிழார் சொல்லும் கதை உங்களுக்குத் தெரியும். வணிகர் குலத்துப் புனிதவதி, மாங்கனி, அஞ்சி ஓடிய பரமதத்தன். பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரும் வைத்தவன், தேடி வந்த முதல் மனைவியின் காலில் குடும்பத்தோடு விழுகிறான். அப்போது அவள் சிவனிடம் கேட்பது என்ன? இவனுக்காக இதுவரை சுமந்த இந்தத் தசையைக் கழித்துவிடு, பேய் வடிவு கொடு என்கிறாள். யாருக்காக இந்தச் சதை இருந்ததோ அவன் வேண்டாமென்றான், ஆகவே இதுவும் வேண்டாம். தமிழில் பெண்ணுடம்பின் உடைமைக் கணக்கை இதைவிடத் தெளிவாக எழுதியவர் இல்லை. ஆனால் கவனியுங்கள், இந்தக் கணவன் கதை சேக்கிழாருடையது. அம்மையாரின் சொந்தப் பாடல்களில் கணவன் இல்லை. அங்கே அவள் தன்னைக் காரைக்கால் பேய் என்று தானே அழைத்துக்கொள்கிறாள். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் விலா எலும்பு தெரிய, தொங்கிய முலைகளோடு உட்கார்ந்து தாளம் போடுகிறாள், முகத்தில் சிரிப்போடு.

அம்மையாரை நான் வணங்குகிறேன். ஆனால் சேக்கிழாரின் புனிதவதிக்குக் கிடைத்தவை இரண்டே வழிகள்: கணவனுக்குச் சதை, கடவுளுக்கு எலும்பு. தனக்கென்று ஒரு தசை அவளுக்கு அனுமதிக்கப்படவில்லை. இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் நம்மிடம் நீட்டப்படுவது அதே இரண்டுதான். ஒன்று குடும்ப விளக்காகப் பூரித்திரு, அல்லது எல்லாவற்றையும் துறந்து ஒதுங்கு. நான் கேட்பது மூன்றாவது.

அந்த மூன்றாவதைத் தொட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி சௌந்தரராஜன், 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்து, அவருடைய உடம்பை நாட்டின் ஊடகங்களெல்லாம் கூறுபோட்டன. வலுவான பெண்ணுடம்பு என்றால் அது பெண்ணுடம்புதானா என்ற சந்தேகம், மைதானத்திலிருந்து எங்கள் தெரு வரை ஒன்றேதான். "கையெல்லாம் ஆம்பள கை மாதிரி ஆயிடுச்சே" என்று என்னிடம் சொன்ன அக்காவுக்கு இந்த வரலாறு தெரியாது. ஆனால் அவர் பேசியது அதே மொழி.

சந்தையும் நம் தோழன் இல்லை. முப்பது நாளில் இடை குறைக்கும் பெல்ட்டும் பவுடரும் விற்பவன், 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த எடைக்குறைப்பு ஊசியை மருத்துவத் தேவையே இல்லாதவளுக்கும் கல்யாணத்துக்கு முன் போட்டுக்கொள்ளச் சொல்பவன், இவர்கள் கேட்பதும் "யாருக்குக் காட்ட?" என்பதைத்தான். பெரியம்மா அதைத் தடுப்பதற்காகக் கேட்கிறார், இவன் விற்பதற்காகக் கேட்கிறான்.

இனி என் பெண்ணியத் தோழிகளிடம். "நீயுமா ஒல்லி மோகத்தில் விழுந்தாய்? உடம்பை உள்ளபடி ஏற்கச் சொல்ல வேண்டிய நீ?" என்று கேட்டீர்கள். உங்கள் கேள்வி மற்றவர்களுடையதைவிட நேர்மையானது, அதனால் மற்றவர்களுடையதைவிட வலித்தது. பருமனான பெண்ணைக் கேலி செய்யும் உலகத்தோடு எனக்கு எந்த உடன்படிக்கையும் இல்லை. என் 12 கிலோவை எடுத்து இன்னொருத்தியை அடிக்க யாருக்கும் தர மாட்டேன். காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு மதியம் வகுப்பில் மயங்கி விழும் மாணவியைப் பார்த்தால் முதலில் சாப்பிட வைப்பேன், அப்புறம்தான் பேச்சு. ஆனால் உடம்பை ஏற்பதென்றால் அதைத் தொடாமல் வைத்திருப்பதா? என் மொழியை நான் ஏற்றுக்கொண்டவள்தான், அதற்காக அதைத் திருத்தாமலா எழுதுகிறேன்? கணவனுக்காக மாறாதே என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எனக்காகவும் மாறாதே என்றால், நீங்களும் என் உடம்பின் சொந்தக்காரர்கள் வரிசையில் வந்து நிற்கிறீர்கள்.

கடைசியாக நேரக் கணக்கு. 2019ஆம் ஆண்டு அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் இந்தியப் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம். வீட்டு வேலையைத் தொடும் ஆண்கள் 97 நிமிடம். ஒரு மனித உடம்புக்கு உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிட நடையும், தசைக்கு வலுவேற்றும் பயிற்சி இரண்டு நாளும். வீடு ஒரே நாளில் எடுத்துக்கொள்வதில் பாதியைத்தான் உடம்பு ஒரு வாரத்துக்குக் கேட்கிறது. அதைக் கொடுத்தால்தான் "யாருக்கு?" என்ற கேள்வி பிறக்கிறது. 299 நிமிடத்தை யாருக்குக் கொடுத்தாய் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

ஆகவே மாணவிகளே, யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். எடை பார்க்கும் மெஷினை அப்புறம் வாங்கலாம், முதலில் நேரத்தை வாங்குங்கள். வீட்டில் காலை டிபனை அண்ணன் செய்யட்டும். கல்லூரி மைதானத்தைச் சாயங்காலம் நமக்கும் திறந்துவிடச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள், முதல் கையெழுத்தை நான் போடுகிறேன். ஊராட்சி மனுவில் தெருவிளக்கு கேளுங்கள், விடியுமுன் நடக்கிறவளுக்கு அது வேண்டும். ஒருத்தி இளைத்தாலும் பெருத்தாலும் அவள் உடம்பைப் பற்றி வாய் திறக்காதீர்கள். பேசியே ஆக வேண்டும் என்றால், "எங்க நடக்கறீங்க அக்கா, நானும் வரட்டுமா?" என்று கேளுங்கள்.