எந்தப் பாட்டியின் கைப்பக்குவம்?

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் ‘பாட்டி கைப்பக்குவம்’ என்று மிளகு ரசமும் பருப்புத் துவையலும் வரிசைகட்டுகின்றன. என் பாட்டி கோடையிலேயே மாட்டுக்கறிக்கு உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் காயப்போட்டுவிடுவார். மழையில் கூலி வேலை நின்றுபோகும் நாட்களில் அந்த உப்புக்கண்டம்தான் எங்கள் சோற்றுக்குத் துணை. இன்று நான் அதை ஜன்னலைச் சாத்திக்கொண்டு வறுக்கிறேன். வாடகை வீட்டில் ‘சைவம் மட்டும்’.

2022இல் மாவட்ட நிர்வாகம் அறிவித்த ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியதும், மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே ஒத்திவைத்தார்கள்.

உணவு அவரவர் விருப்பம் என்பவர்களே, ஒரு வீட்டுச் சமையல் பாரம்பரியமாகவும் இன்னொரு வீட்டுச் சமையல் ஒளித்து உண்பதாகவும் ஆனது எப்படி? அதன் பெயர் சாதி. தோழர்களே, உங்கள் வீட்டுச் சமையலை எழுதுங்கள். ‘கறி’ என்று மழுப்பாமல், மாட்டுக்கறி என்றே எழுதுங்கள்.